ரெடிமேட் காம்பவுண்ட் போட்டு ஒரு வருசம் ஆச்சு: சுவருக்கு நாலு ஸ்டார், போட்டவங்களுக்கு ரெண்டரை

நம்ம பாளையங்கோட்டை பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கவங்கள்ல பாதிப் பேரு இப்போ ரெடிமேட் காம்பவுண்டுதான் போடுதாவ, காங்கிரீட் போஸ்டை நட்டு நடுவுல சிமெண்ட் ஸ்லாபை சொருகி மூணு நாலு நாள்ல சோலி முடிஞ்சிருது, அதான் காரணம். நானும் போட்டேன். போன வருசம் வைகாசியில போட்டது, ஒரு ஆடிக் காத்து, ஒரு ஐப்பசி கார்த்திகை மழை, அதுக்கப்புறம் ஒரு அக்கினி நட்சத்திரம், இப்போ இந்த ஆடிக் காத்து எல்லாத்தையும் சுவர் பாத்தாச்சு, அதனால இப்போ எழுதுனா கொஞ்சம் நியாயமா இருக்கும்னு எழுதுதேன். போட்டு முடிச்ச அன்னைக்கே எழுதியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன், நல்ல வேளை எழுதல. டீம் பேரு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க, ஏன்னா அவங்க செஞ்ச தப்பை இங்க பத்துல எட்டு டீம் செய்யுது, ஒருத்தர் பேரை மட்டும் போட்டு என்ன ஆவப்போவுது.

இடம் ரெட்டியார்பட்டி தாண்டி. நாப்பதுக்கு அறுபது, அஞ்சரை சென்ட், முக்கு மனை. முன்னாடியும் எடது கைப்பக்கமும் ரோடு, வலது பக்கம் ஒரு ஆச்சி வீடு, பின்னாடி காலி மனை, அங்கன உடைமரம் காடா மண்டிக் கெடக்கு. எங்க மனையும் அஞ்சு வருசமா சும்மாதான் கெடந்துச்சு, ஆடு மேஞ்சுச்சு, எவனோ ரெண்டு டிராக்டர் இடிச்ச கட்டட மண்ணைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டான், ஒரு நாள் போய்ப் பாத்தா எல்லைக் கல்லுல ரெண்டைக் காணும், ஜேசிபி பொரட்டிப் போட்டிருக்கு. அன்னைக்குத்தான் இனி சுவர் போடாம சரிப்படாதுன்னு முடிவு பண்ணோம். எங்க அப்பா காலத்துல திசையன்விளை பக்கத்து ஊர்ல பனைமட்டையை வரிசையா நட்டு நாரு வச்சுக் கட்டுனா வேலி, வாசலுக்கு உடைமுள்ளு படல், அம்புட்டுதான், அதுக்கு உயரம் என்னன்னு ஒருத்தன் வந்து கேட்டது இல்ல, காத்து பாட்டுக்கு அதுக்குள்ள பூந்து போவும். இப்போ அப்படியா.

சுவர் போடப்போற யாரா இருந்தாலும் மொதல்ல சர்வேயரைக் கூட்டிட்டு வந்து அளந்துருங்க, அதுக்கப்புறம் கான்ட்ராக்ட் பேசுங்க. நான் செஞ்சதுல உருப்படியான ஒரே காரியம் இதுதான். பட்டாவும் புலப்படமும் ஆன்லைன்லயே பாத்துக்கலாம், ஆனா படத்துல இருக்க அளவு தரையில எங்கன விழுதுன்னு ஆள் வந்து சங்கிலி பிடிச்சாத்தான் தெரியும். எங்களுக்கு லேஅவுட்காரர் நட்ட கல்லுக்கும் சர்வேயர் காட்டுன புள்ளிக்கும் ஆச்சி வீட்டுப் பக்கம் ஏழு இஞ்சி வித்தியாசம், அதுவும் எங்க பக்கம்தான் கூட வந்திருந்தது. அதாவது பழைய கல்லைப் பாத்துப் போட்டிருந்தா ஆச்சி எடத்துல ஏழு இஞ்சி உள்ள போயிருப்போம். இன்னொண்ணு, போஸ்ட் என்னமோ நாலு இஞ்சிதான், ஆனா அதுக்குத் தோண்டுத குழி ஒரு அடிக்கு ஒரு அடி, அதுல கொட்டுத காங்கிரீட்டும் நம்ம எல்லைக்குள்ளயே இருக்கணும். எல்லை நூல் மேலேயே போஸ்டை நட்டா பாதிக் குழி அடுத்தவன் மண்ணுல போயிரும். டீம் இதெல்லாம் கேக்காது, "நீங்க நூல் கட்டிக் குடுங்க சார், நாங்க நட்டுருதோம்" அப்படிம்பாவ, அது அவங்க சொல்லுதது நியாயம்தான். வேலிக்கு ஓணான் சாட்சின்னு நாம நிக்கக் கூடாதுல்ல, அதனால அளக்கும்போது ஆச்சியையும் அவங்க மருமவனையும் பக்கத்துல நிப்பாட்டி வச்சு போட்டோவும் எடுத்துக்கிட்டேன்.

அடுத்தது ரேட். ஹாலோ பிளாக்ல கட்டி ரெண்டு பக்கமும் பூசுறதுக்கு கொத்தனார் கேட்டது ரன்னிங் அடிக்கு 1,450. ரெடிமேட் டீம் சொன்னது சதுர அடிக்கு 115, போஸ்ட், ஸ்லாப், வண்டி வாடகை, கூலி எல்லாம் சேத்து. கேட்டுக்கு பன்னெண்டு அடி போக 188 அடி சுத்தளவு. இங்கனதான் நான் ஏமாந்தது. நான் ஆறடின்னுதான் கேட்டேன், வந்தவர் மனையை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு "எட்டடி போட்டுருங்க சார், பின்னாடி பூராம் காடாக் கெடக்கு, ஆறடின்னா சின்னப் பய கூட ஏறிக் குதிச்சிருவான், இந்தப் பக்கம் எல்லாரும் எட்டு, ஒம்பதுதான் போடுதாவ" அப்படின்னாரு. வீட்டுக்காரியும் "போடுறதுதான் போடுதோம், ஒசரமாவே போட்ருவோமே"ன்னா. சரின்னுட்டேன். அந்த ரெண்டு அடிக்கு மட்டும் 376 சதுர அடி, 43,240 ரூவா. மொத்தம் 1,72,960. சதுர அடிக்கு ரேட் பேசுத ஆள்கிட்ட எவ்வளவு உயரம் போடலாம்னு ஆலோசனை கேட்ட என்னையத்தான் சொல்லணும், துணிக்கடைக்காரன்கிட்ட எத்தனை மீட்டர் வேணும்னு கேட்ட மாதிரி.

வேலைன்னு பாத்தா சுறுசுறுப்பு, அதுல குறை சொல்ல முடியாது. ஆறு பேரு வந்தாவ, அத்தனை பேரும் வடக்கத்திப் பையனுவ, காலையில ஏழு மணிக்கு வந்தா சாயந்திரம் வரைக்கும் போனைத் தொட மாட்டானுவ. மொத நாள் குழி, ரெண்டாவது நாள் போஸ்டை நட்டு தூக்குக்குண்டு பிடிச்சு காங்கிரீட், ஒரு நாள் காய விட்டு நாலாவது நாள் ஸ்லாப். ஸ்லாப் ஒண்ணு ஏழடி நீளம், ஒரு அடி உயரம், ரெண்டு இஞ்சி கனம், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 80 கிலோ வருது, அதை சாரத்துல ஏறி நின்னு தூக்கி போஸ்டோட காடியில மேல இருந்து எறக்குதானுவ, ஒரு ஸ்லாப் கூட கைதவறல.

ஆனா ரெண்டாவது நாள் சாயந்திரம் நான் போய் ரோட்டுல நின்னு பாக்கேன், வரிசையா நிக்க போஸ்டுல வடக்கு மூலையில ஒரு ஒம்பது போஸ்ட் மட்டும் மத்ததை விட தலை தூக்கி நிக்கி. மொதல்ல தரை மேடுன்னு நெனச்சேன். டேப் வச்சுப் பாத்தா தரையில இருந்து எட்டரை அடி. போஸ்ட் மொத்தமே பத்தடி, எட்டு மேல, ரெண்டு கீழன்னுதான் பேச்சு. மேல அரை அடி கூட நிக்குன்னா கீழ அரை அடி கம்மின்னு அர்த்தம், இதுக்கு என்ஜினியர் படிப்பா வேணும். கேட்டா அந்த மூலையில அடியில சரள் பாறை மாதிரி இருக்கு, கடப்பாரை எறங்கல, ஸ்லாபை மாட்டிட்டு மேல அறுத்து விட்டுருவோம், வெளிய தெரியாதுங்கான். வெளிய தெரியாதுங்கதுதான பிரச்சினை! விடல. போன் போட்டு ஓனரை வரவழைச்சு ஒம்பதையும் பிடுங்கி, பிரேக்கர் மெஷின் கொண்டாந்து ரெண்டடி தோண்டி நட வச்சேன். அதுக்கு ஒரு நாள் கூடுதல், பேச்சுல ஒரு கசப்பு. நான் அன்னைக்குப் போகாம இருந்திருந்தா அந்த ஒம்பது போஸ்டும் ஒன்றரை அடி வேருல எட்டடிச் சுவரைத் தாங்கிக்கிட்டு நின்னுருக்கும்.

சுவர் நின்ன அன்னைக்கு சந்தோசம்தான், சும்மா சொல்லக்கூடாது, மனை மனையாத் தெரிஞ்சுது. ஒரு வாரம் கழிச்சு செடிக்குத் தண்ணி விடப் போனப்போ ஆச்சி கூப்பிட்டாவ. சண்டைக்கு எல்லாம் வரல, அவிய குணமே அப்படி இல்ல. "எய்யா, உள்ள வா, ஒன்னைய ஒண்ணு காட்டுதேன்"னு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போனாவ. ஜன்னலைத் தொறந்தா நாலடி தள்ளி சிமெண்ட் ஸ்லாப், அதுக்கு மேலயும் ஸ்லாப், அதுக்கு மேலயும் ஸ்லாப், குனிஞ்சு அண்ணாந்து பாத்தாத்தான் ஒரு துண்டு வானம். பகல் பதினோரு மணிக்கு லைட்டைப் போட்டு வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தாவ. நான் என் பக்கம் நின்னே பாத்ததால எனக்கு இது தோணவே இல்ல, எங்க மனை மேடு, ஆச்சி வீடு ஒன்றரை அடி பள்ளம், எனக்கு எட்டடி, அவியளுக்கு ஒம்பதரை. "முப்பது வருசமா இந்த ஜன்னல்லதான்யா மேகாத்து வரும், இப்போ பாளையங்கோட்டை ஜெயிலு மதிலுக்குள்ள இருந்து சோறு பொங்குத மாதிரி இருக்கு"ன்னாவ. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாவ. எனக்குத்தான் எச்சி முழுங்க முடியல.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, வீட்டு பிளானுக்காக எங்களுக்குத் தெரிஞ்ச என்ஜினியர் தம்பியைக் கூப்பிட்டிருந்தேன், அவன் வந்து சுவரைப் பாத்ததும் கேட்ட மொதக் கேள்வியும் "என்ன அண்ணாச்சி, ஜெயிலு கட்டுதீயளா"ன்னுதான். அவன்தான் விதியை எல்லாம் சொன்னான். 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அது மாநகராட்சிக்கும் ஒண்ணுதான் கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒண்ணுதான், அதுல வீட்டைச் சுத்தி விட வேண்டிய காலி எடத்துல என்னென்ன வரலாம்னு ஒரு பட்டியல் இருக்கு, காம்பவுண்ட் சுவர் வரலாம், ஆனா 2 மீட்டருக்கு மேல போகக் கூடாது. 2 மீட்டர்னா நம்ம கணக்குல ஆறரை அடிக்கு ஒரு இஞ்சிக்கும் குறைவாத்தான் கூட வருது. எட்டடின்னா 2.44 மீட்டர். அப்புறம் 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்புன்னு ஒண்ணு இருக்கு, அது ஒரு முன்மாதிரி விதிதான், நமக்கு மாநில விதிதான் கணக்கு, ஆனாலும் படிச்சுப் பாக்க வேண்டிய விசயம். அதுல முன்பக்க ரோட்டோட நடுமட்டத்துல இருந்து ஒன்றரை மீட்டர்தான் அடைச்ச சுவர், அதுக்கு மேல வேணும்னா 2.4 மீட்டர் வரைக்கும் போகலாம், ஆனா மேல 90 சென்டிமீட்டர் கம்பி அழி மாதிரி காத்தும் பார்வையும் போற மாதிரி இருக்கணும். ஆக எட்டடி அடைச்ச சுவர்ங்கது எந்தக் கணக்குலயும் தேறாது. இந்த உயரக் கட்டுப்பாடு ஜெயில் சுவருக்குப் பொருந்தாதுன்னு அந்தத் தொகுப்புலயே ஒரு வரி இருக்காம். ஆச்சிகிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாவ.

டீமுக்குப் போன் போட்டுக் கேட்டா, "யாரு சார் வந்து அளக்கப் போறா, ஊரு பூரா போட்டிருக்கான்"ங்காரு. ஊரு பூரா போட்டிருக்கான்தான், பெருமாள்புரத்துல இருந்து கேடிசி நகர் வரைக்கும் பாத்துக்கிட்டே போனா ஆளு உயரத்துக்கு ரெண்டு மடங்கு மதில் எத்தனையோ. ஆனா எனக்கு வீட்டு பிளான் போட வேண்டி இருக்கு. 2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள தரைத்தளமும் மேல ஒரு மாடியும்னா சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி வாங்கிக்கிடலாம், எங்க மனை 2,400, சரியா அதுக்குள்ள வருது. சுயசான்றுன்னா பேருலயே இருக்கு, எல்லாம் விதிப்படி இருக்குன்னு நானே கையெழுத்துப் போடணும். பக்கத்துல எட்டடிச் சுவரை வச்சுக்கிட்டு அப்படிக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல. அதோட ஒரு ஜன்னல் வழியா இருபது வருசம் தடையில்லாம வந்த வெளிச்சத்துக்கும் காத்துக்கும் உரிமை கொண்டாடலாம்னு 1882 ஈஸ்மென்ட் சட்டத்துலயே இருக்கு. ஆச்சி கோர்ட்டுக்கெல்லாம் போற ஆள் இல்ல, ஆனா ஆச்சி மருமவன் அப்படி இல்ல பாத்துக்கிடுங்க.

இதெல்லாம் பேசிக்கிட்டு இருக்கும்போதே ஆடி பொறந்துட்டு. நம்ம ஊரு ஆடிக் காத்தைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, ஆரல்வாய்மொழி கணவாய்ல பூந்து வள்ளியூர், பணகுடி பக்கம் காத்தாலையை எல்லாம் சுத்த விட்டுட்டு மிச்சம் இருக்கதுதான் நமக்கு வருது, அதுக்கே இங்க துணி கொடியில நிக்காது. ஒரு நாள் மத்தியானம் மேக்குப் பக்கச் சுவர்ல சும்மா கையை வச்சேன், சுவர் அதிருது. மேல ரெண்டு ஸ்லாபும் போஸ்டு காடிக்குள்ள கடகடன்னு ஆடுது, இணைப்புல பூசுன சிமெண்ட் ஏற்கெனவே கோடு விட்டுப் போச்சு. ஒண்ணு புரிஞ்சுக்கிடணும், செங்கல் சுவர்னா ஒண்ணோட ஒண்ணு கட்டுப்பட்டு நிக்கும், இது அப்படி இல்ல, ஸ்லாப் சும்மா சொருகித்தான் இருக்கு, காத்துத் தள்ளுத மொத்தத்தையும் அந்த நாலு இஞ்சிப் போஸ்ட்தான் வாங்கி அடியில குழிக்கு அனுப்புது. தம்பி தரையில குச்சியால கணக்குப் போட்டுக் காட்டுனான், உயரம் கூடக் கூட போஸ்டை அடியோட சாய்க்கப் பாக்குத விசை உயரத்தோட வர்க்கமாக் கூடுமாம், ஆறுக்கு ஆறு முப்பத்தாறு, எட்டுக்கு எட்டு அறுபத்துநாலு. ரெண்டடி கூட்டுனதுக்கு சாய்க்குத விசை ஒன்றே முக்கால் மடங்கு ஆயிருது, குழி என்னமோ அதே ரெண்டடிதான். அன்னைக்கு ராத்திரி படுத்தா தூக்கம் வரல, அந்த ஒம்பது போஸ்டை மட்டும் அப்படியே விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னே ஓடுது.

ஆவணியில கழட்டிட்டோம். இங்கன ரெடிமேடுக்கு ஒரு ஸ்டார் தாராளமாக் குடுக்கலாம், செங்கல் சுவர்னா இடிச்சுத்தான் குறைக்கணும், இதுல மேல ரெண்டு ஸ்லாபை உருவிட்டாப் போதும், ஒரு கட்டத்துக்கு ரெண்டு, இருபத்தேழு கட்டத்துக்கு அம்பத்துநாலு. ஆனா டீம் என்ன செஞ்சுதுன்னா, ஸ்லாபைத் திருப்பி எடுத்துக்கிட மாட்டோம்னுட்டாவ, கழட்டக் கூலி ஸ்லாபுக்கு நூறு ரூவா தனி. பேசிப் பேசி எழுவதுக்கு வந்துச்சு. போஸ்ட் இருபத்தெட்டும் மேல பல்லு பல்லா நீட்டிக்கிட்டு நின்னுச்சு, அதைக் கட்டிங் மெஷின் வச்சு ஆறரை அடியில அறுத்து, உள்ள தெரிஞ்ச கம்பி துருப்பிடிக்காம சிமெண்ட் வச்சு மூடுனோம். மூடாம விடாதீங்க, கம்பி துருப்பிடிச்சா காங்கிரீட்டு வெடிக்க ஆரம்பிச்சிரும். கழட்டுன அன்னைக்கு சாயந்திரமே ஆச்சி அடுப்படி ஜன்னல்ல தலையை நீட்டி "வந்துட்டுய்யா காத்து"ன்னாவ, ஏதோ ஊருக்குப் போன புள்ளை வந்த மாதிரி.

முக்குப் பக்கம் இன்னொரு கூத்து. ஆறடிக்குக் குறைச்ச பெறவும் ரெண்டு ரோடும் சேருத எடத்துல சுவர் அடைச்சுக்கிட்டுதான் நிக்கி, வார வண்டி தெரியாது. ஒரு நாள் காலையில நான் கேட்டுப் பக்கம் நிக்கேன், பால்காரர் டிவிஎஸ் எக்ஸெல்ல கேனைத் தொங்க விட்டுக்கிட்டு எடது பக்கத்து ரோட்டுல இருந்து வாராரு, முன்பக்க ரோட்டுல ஸ்கூல் பையன் சைக்கிள்ல, ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியல, பால்காரர் பிரேக்கைப் பிடிச்சதுல வண்டி சாஞ்சு ஒரு கேன் பாலு பூராம் ரோட்டுல. பையனுக்கு ஒண்ணும் ஆவல. பால்காரர் எந்திரிச்சு என்னையப் பாக்கல, சுவரைப் பாத்தாரு. பால் துட்டை நான் குடுத்தேன், வாங்க மாட்டேன்னுதான் சொன்னாரு, சட்டைப் பையில திணிச்சு விட்டேன். தம்பிகிட்ட சொன்னா, அந்த தேசியத் தொகுப்புல முக்கு மனைக்குன்னே தனியா இருக்கு அண்ணாச்சிங்கான், ரெண்டு ரோடு சேருத எடத்துல ரெண்டு பக்கமும் 10 மீட்டர் நீளத்துக்கு அடைச்ச சுவர் 75 சென்டிமீட்டர்தான், அதாவது ரெண்டரை அடி, அதுக்கு மேல வேணும்னா அழிதான். நான் 10 மீட்டர் முழுசும் செய்யல, கையில துட்டு இல்ல, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கட்டம், அதுல கீழ ரெண்டு ஸ்லாபை மட்டும் விட்டுட்டு மேல நாலை எடுத்துட்டு கம்பி அழி பாய்ச்சிட்டேன். வெல்டிங் பட்டறைக்காரர் செஞ்ச அழிதான் மொத்தச் சுவர்லயும் பாக்க நல்லா இருக்க ஒரே இடம், வீட்டுக்காரி இப்போ முன்பக்கம் பூராமே இப்படிப் போட்டிருக்கலாமேங்கா.

கேட்டையும் சொல்லிருதேன், சுருக்கமா. கேட் உள்பக்கமாத்தான் தொறக்கணும், ரோட்டுல நீட்டக் கூடாது, அதுவும் அந்தத் தொகுப்புல இருக்கு, இல்லாட்டாலும் இது பொது அறிவு. டீம் அனுப்புன கேட்காரன் வெளிப்பக்கம் தொறக்குத மாதிரி மாட்டிட்டான், உள்ள மேடு, தட்டுதுன்னு காரணம். உள்ள நாலு அடிக்கு மண்ணை வெட்டிச் சரிச்சு விட்டு மாத்தி மாட்டினோம். அம்புட்டுதான்.

மழைக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளையும் நம்ம ஆளுவ யாரும் மறந்திருக்க மாட்டாவ, தாமிரபரணி எங்கெல்லாம் பூந்துச்சுன்னு, அதுக்கு அப்புறமும் தண்ணி போற வழியைப் பத்தி யோசிக்காம சுவர் போட்ட ஆளு நான். பின்னாடி காட்டு மனையில விழுத தண்ணி எங்க மனை வழியாத்தான் எடது பக்கத்து ரோட்டு ஓடைக்குப் போய்க்கிட்டு இருந்திருக்கு, காலி மனையா இருந்தப்போ யாரு கவனிச்சா. அடி ஸ்லாபை மண்ணுக்குள்ள கொஞ்சம் பொதைச்சு நல்லா அடைச்சுப் பூசிட்டானுவ, பெருமையா வேற சொன்னானுவ, எலி கூட வராது சார்னு. எலி வரல, தண்ணியும் வரல, சுவருக்குப் பின்னாடி தேங்கி அப்படியே பள்ளத்தைப் பாத்து ஆச்சி முத்தத்துக்குள்ள போயிட்டு. ஐப்பசியில ரெண்டாவது மழைக்கே. அந்தம்மா பாவம், காத்து வந்துச்சுன்னு பாத்தா தண்ணியும் வந்துட்டு. மறுநாளே பின்சுவர்ல மூணு எடம், ஓடைப் பக்கம் மூணு எடம் அடி ஸ்லாப்ல கோர் கட்டர் வச்சு ஓட்டை போட்டு நாலு இஞ்சி பிவிசி பைப்பை சொருகி, வாயில வலை கட்டி விட்டேன். அதுக்கப்புறம் கார்த்திகை மழை பூராம் தண்ணி ஒழுங்காப் போச்சு. போடும்போதே செஞ்சிருந்தா ரெண்டாயிரத்துல முடிஞ்சிருக்கும், எனக்கு ஆறாயிரத்துச் சொச்சம்.

இப்போ சுவர் எப்படி இருக்குன்னா, நல்லா இருக்கு. இந்த ஆடிக் காத்துல போய் அதே எடத்துல கையை வச்சுப் பாத்தேன், அசையல. ஸ்லாப்ல விரிசல் எதுவும் இல்ல, ரெண்டு ஸ்லாப்ல மட்டும் ஓரம் லேசா உதுந்திருக்கு. வெள்ளையடிச்சது அக்கினி வெயில்ல அங்கங்க பொடிஞ்சு போச்சு, அது எதிர்பார்த்ததுதான். போஸ்ட் இருபத்தெட்டும் தூக்குக்குண்டு வச்சாப்புல நேரா நிக்கி, ஆனா இது சரள் மண்ணு, அதனால. எங்க சித்தப்பா மவன் மானூர் பக்கம் கரிசல்ல இதே டீமை வச்சுப் போட்டான், ஒரே மழைக்காலத்துல போஸ்ட் எல்லாம் ஆட்டம் கண்ட பல்லு மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாஞ்சு நிக்கி. கரிசல் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும், ரெண்டடிக் குழி அதுக்கு மயிரிழையில நிக்க மாதிரி. கரிசல்காரங்க இந்தச் சுவரை யோசிச்சுப் போடுங்க, போட்டே ஆவணும்னா குழி மூணு நாலு அடி போய் போஸ்டுக்கு போஸ்ட் அடியில காங்கிரீட் பெல்ட் ஓட்டச் சொல்லுங்க, அப்படிச் செஞ்சா செங்கல் சுவர் ரேட்டுக்குப் பக்கத்துல வந்துரும், அது வேற விசயம்.

காலி மனையைக் காப்பாத்த, நாளைக்கு வீடு கட்டும்போது ஒரு பக்கத்தைக் கழட்டி லாரியை உள்ள விட, இதுக்கெல்லாம் இந்தச் சுவரை அடிச்சுக்க ஆள் இல்ல. குடியிருக்க வீட்டு முகப்புக்கு எனக்குப் பிடிக்கல, குடோன் மாதிரி இருக்கு. டீமுக்கு ரெண்டரை ஏன்னா, வேலைக்காரப் பையனுவளுக்கு நாலு, ஓனருக்கு ஒண்ணு, சராசரி ரெண்டரை. உயரத்துக்கு ஒரு விதி இருக்குன்னு அவருக்குத் தெரியாம இருக்காது, வருசம் பூரா இதே தொழில், தெரிஞ்சும் சொல்லல, ஏன்னா அவருக்கு சதுர அடிதான் துட்டு. நீங்க கூப்பிட்டீங்கன்னா பேப்பர்லயே எழுதி வாங்கிருங்க, தரைக்கு மேல ஆறடி, தரைக்குக் கீழ ரெண்டடி, அடி ஸ்லாப்ல தண்ணி ஓட்டை எத்தனை, முக்குல அழி எத்தனை அடின்னு. ஆறடிக்கே போட்டிருந்தா எனக்கு 1,29,720ல முடிஞ்சிருக்கும். அழி, கழட்டக் கூலி, அறுத்த கூலி, பைப்பு எல்லாம் சேத்து கடைசில ரெண்டு லட்சத்தைத் தாண்டிட்டு.

கழட்டுனது மொத்தம் எழுவது ஸ்லாப், சுவர்ல இருந்து அம்பத்துநாலு, முக்குல பதினாறு. அதுல அஞ்சு எறக்கும்போது ஒடஞ்சு போச்சு, ஒம்பதை வாசல்ல இருந்து மோட்டார் வரைக்கும் நடக்கப் பரப்பிட்டேன். ஆச்சி ஆறு கேட்டு வாங்கிக்கிட்டாவ, துணி துவைக்க ரெண்டு, மிச்சம் நாலையும் கோழிக் கூட்டுக்கு நாலு பக்கமும் நிப்பாட்டியாச்சு, "இதுக்கு எம்புட்டு ஒசரம்யா வைக்கலாம், ஒங்க என்ஜினியர்ட்ட கேட்டுச் சொல்லு"ன்னு நக்கல் வேற. மிச்சம் அம்பது பின்பக்கம் அடுக்கிக் கெடக்கு. ரெட்டியார்பட்டி சுத்துவட்டாரத்துல யாருக்காவது வேணும்னா பாதி வெலைக்குத் தாரேன், ஆனா ஒண்ணு 80 கிலோ, வண்டியோட மட்டும் வராதீங்க, ஆளையும் கூட்டிட்டு வாங்க.